வேலை நடக்கிறது, வழி திறந்திருக்கிறது: ஹிரோஷிமா குறிப்புகள்

சனி, நவம்பர் 21, 2020

இந்த மூன்று நாள் விடுமுறையில் ஹிரோஷிமா கிளம்புகிறவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அணுகுண்டுக் குவிமாடத்தைச் சுற்றிச் சாரம் கட்டியிருக்கிறார்கள். வருகிற மார்ச் வரை வேலை நடக்கும். பாடப்புத்தகத்தில் பார்த்த அந்தப் படம் அப்படியே கிடைக்கும் என்று நம்பி வந்தால் ஏமாற்றம்தான். ஆனால் வராமல் இருக்காதீர்கள், ஏன் என்று கீழே எழுதுகிறேன்.

எங்கள் கதை கொஞ்சம் விசித்திரமானது. பேத்தியைப் பார்க்க பிப்ரவரியில் ஒசாகா வந்த அப்பாவும் அம்மாவும் கொரோனாவால் இங்கேயே மாட்டிக்கொண்டார்கள். பொதுப்பணித்துறையில் ஓவர்சியராகச் சேர்ந்து உதவிப் பொறியாளராக ஓய்வு பெற்றவரை ஒன்பது மாதம் ஒரு சின்ன அபார்ட்மெண்டில் உட்கார வைத்தால் என்ன ஆகும்? பால்கனியில் நின்றபடி எதிரே எழும்பும் கட்டடத்தின் ஒவ்வொரு கான்கிரீட்டுக்கும் வர்ணனை. குழந்தையைத் தூங்க வைக்க முடியவில்லை என்று என் மனைவி என்னையும் அப்பாவையும் பார்த்து, "நீங்க ரெண்டு பேரும் எங்கேயாவது போயிட்டு வாங்களேன், புண்ணியமாப் போகும்" என்றாள். அரசாங்கத்தின் 'கோ டு டிராவல்' திட்டத்தில் தங்கும் செலவில் 35 சதவீதம் தள்ளுபடி, அதற்கு மேல் 15 சதவீதத்துக்குக் கடைகளில் கொடுக்கிற கூப்பன். தொற்று மறுபடி ஏறுகிறது என்று செய்தியில் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள், இன்னும் கொஞ்ச நாளில் இதை நிறுத்தினாலும் நிறுத்துவார்கள். மாஸ்க், கைக்கு மருந்து, ஜன்னலோர இருக்கை என்று கிளம்பிவிட்டோம்.

ஷின்கான்சென் புல்லட் ரயில் பற்றி எழுதப் புதிதாக ஒன்றும் இல்லை. ஒன்றரை மணி நேரம், வழியெல்லாம் சுரங்கம்.

ஸ்டேஷன் வாசலிலேயே டிராம் கிடைக்கும். 2ஆம் எண் அல்லது 6ஆம் எண், 190 யென், 'கென்பாகு டோம் மாயே' நிறுத்தத்தில் இறங்க வேண்டும். 1945 ஆகஸ்ட் 6 அன்று குண்டு விழுந்து மூன்றாம் நாளே, 9ஆம் தேதி, இந்த ஊரில் ஒரு சின்னத் துண்டுத் தடத்தில் டிராம் மறுபடி ஓடியிருக்கிறது. குண்டுக்குத் தப்பிய பழைய வண்டிகளில் 651, 652 என்ற எண்ணுள்ள இரண்டு இன்னும் ஓடுகின்றன. நாங்கள் ஏறியது புது வண்டி. அப்பா இறங்கும்வரை எதிரே வருகிற ஒவ்வொரு வண்டியின் எண்ணையும் பார்த்துக்கொண்டே வந்தார்.

நிறுத்தத்தில் இறங்கியதும் எதிரே குவிமாடம். அதாவது குவிமாடம் இருக்க வேண்டிய இடத்தில் குழாய்ச் சாரம். தரையிலிருந்து உச்சி வரை அடுக்கடுக்காக இரும்புக் குழாய், நடைபலகை, கைப்பிடி. உள்ளே எலும்புக்கூடு மாதிரி அந்த இரும்புச் சட்டம் மட்டும் தெரிகிறது. பக்கத்தில் நின்ற ஒரு இளம் ஜோடி போனை எடுத்து, ஒரு நொடி யோசித்து, போனை உள்ளே வைத்துவிட்டு நடந்துபோனார்கள். எனக்கும் முகம் தொங்கித்தான் போனது.

அப்பாவுக்கு அப்படி இல்லை. அவர் வேலிக்கு அருகே போய்விட்டார். அங்கே வேலை விவரம் எழுதிய பலகை இருந்தது, படத்தோடு. "சுவத்துல ஒரு இடத்துலயாவது முட்டுக் கொடுத்திருக்கானா பாரு. தன் கால்லயே நிக்குது. செங்கல் மேல ஒரு கிலோ பாரம் இறங்கல." அவர் காலத்துச் சாரம் சவுக்குக் கம்பும் கயிறும், சுவரிலேயே ஓட்டை போட்டுச் செருகுவார்கள், பிறகு அந்த ஓட்டையை அடைத்துப் பூசுவார்கள். இங்கே அப்படி ஒரு ஓட்டை போட்டால், அது 1945இல் விழுந்த ஓட்டையா 2020இல் விழுந்த ஓட்டையா என்று அப்புறம் யார் சொல்வது?

கட்டடத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். செக் நாட்டுக் கட்டடக் கலைஞர் யான் லெட்சல் வடிவமைத்து 1915இல் திறந்த வணிகப் பொருட்காட்சிக் கட்டடம் இது. குண்டு இங்கிருந்து தென்கிழக்கே 160 மீட்டர் தள்ளி, ஷிமா மருத்துவமனைக்கு நேர் மேலே 600 மீட்டர் உயரத்தில் வெடித்தது. அழுத்தம் ஏறக்குறைய தலைக்கு மேலிருந்து இறங்கியதால் நடுப்பகுதிச் சுவர்கள் சாயாமல் நின்றுவிட்டன. உள்ளே இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. போருக்குப் பிறகு இதை இடித்துவிடலாம் என்றும் வைத்துக்கொள்ளலாம் என்றும் ஊரே இரண்டாகப் பிரிந்து பேசியது. வெள்ளை அணுப் புற்றுநோயால் 1960இல் இறந்துபோன ஒரு பள்ளி மாணவியின் நாட்குறிப்பு வெளியான பிறகுதான் வைத்துக்கொள்ளலாம் என்ற பக்கம் வலுத்தது. 1966இல் நகர மன்றம் நிரந்தரமாகப் பாதுகாப்பது என்று தீர்மானம் போட்டது. மக்களிடம் நன்கொடை திரட்டி 1967இல் முதல் பழுது வேலை: விரிசல்களில் எபாக்ஸிப் பிசின் ஏற்றினார்கள், உள்ளே இரும்புத் தாங்கல் கொடுத்தார்கள். 1996இல் உலகப் பாரம்பரியச் சின்னம். இப்போது நடப்பது ஐந்தாவது வேலை.

என்ன வேலை? துருப்பிடித்த இரும்புச் சட்டத்துக்குப் புதுப் பூச்சு, செங்கல் சுவரின் தலைப்பில் மழைத்தண்ணீர் இறங்காமல் அடைப்பது, இப்படி. பூச்சின் நிறம்கூட, குண்டு விழுந்த காலத்தில் இருந்ததற்கு நெருக்கமான பழுப்பாம். புதுசாகத் தெரியக் கூடாது, ஆனால் விழவும் கூடாது. இடிந்த கட்டடத்தை இடிந்த நிலையிலேயே நிறுத்தி வைப்பது கட்டுவதைவிடக் கஷ்டம் என்கிறார் அப்பா. கட்டுகிறபோது தவறு வந்தால் இடித்துவிட்டு மறுபடி கட்டலாம், இங்கே அது முடியாதே.

சாயங்காலம் மோட்டோயாசு பாலத்தைத் தாண்டிப் பூங்காவுக்குள் போனோம். 'உள்ளே' என்று சொல்வதே சரியில்லை, ஏனென்றால் இதற்கு வாசற்கதவு கிடையாது. இரண்டு ஆறுகளுக்கு நடுவே ஒரு திட்டு, அவ்வளவுதான். இரவு ஏழரைக்கு சைக்கிளில் காய்கறிப் பையோடு ஒரு அம்மா குறுக்கே போகிறார், இரண்டு பையன்கள் ஓடுகிறார்கள், ஒரு தாத்தா நாயைக் கூட்டிக்கொண்டு வருகிறார். உலகமே வந்து தலைகுனியும் இடம், இவர்களுக்கு வீட்டுக்குப் போகிற வழி.

குண்டுக்குப் பலியானவர்களுக்கான நினைவு வளைவுக்கு முன்னால் நின்று பார்த்தால், வளைவுக்குள் அமைதிச் சுடரும், சுடருக்குப் பின்னால் ஆற்றுக்கு அக்கரையில் குவிமாடமும் ஒரே கோட்டில் தெரியும். இந்தப் பூங்காவை வடிவமைத்த கட்டடக் கலைஞர் கென்சோ டாங்கே போட்ட கோடு அது. இன்றைக்கு அந்தக் கோட்டின் முனையில் சாரம். வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்றவர் கைகூப்பி, நிமிர்ந்து, படம் எடுத்தார். சாரத்தோடுதான்.

ஞாயிறு, நவம்பர் 22

எட்டரைக்கு அருங்காட்சியகம் திறக்கும். எட்டு மணிக்கே போய் நின்றோம். வெளிநாட்டுப் பயணிகள் யாரும் இல்லை, எல்லைதான் மூடிக் கிடக்கிறதே. வரிசையில் இருந்ததெல்லாம் இந்நாட்டுக் குடும்பங்கள், எங்கள் இரண்டு பேரைத் தவிர. கட்டணம் 200 யென். 2016 வரை வெறும் 50 யென்னாக இருந்ததாம்.

இங்கேதான் நான் முக்கியமாக எழுத நினைத்த விஷயம் வருகிறது. அருங்காட்சியகம் இரண்டு கட்டடம்: தூண்கள்மேல் நிற்கும் நீளமான பிரதானக் கட்டடம், அதற்குப் பக்கத்தில் கிழக்குக் கட்டடம். இரண்டையும் ஒரேயடியாகப் பூட்டிப் போட்டு, தகரம் அடித்து, 'சிரமத்துக்கு வருந்துகிறோம்' பலகை வைத்திருக்கலாம். வைக்கவில்லை. 2014 செப்டம்பரில் கிழக்குக் கட்டடத்தை மட்டும் மூடினார்கள். 2017 ஏப்ரலில் அதைத் திறந்த கையோடு பிரதானக் கட்டடத்தை மூடினார்கள். அந்த இரண்டு வருடமும் வந்தவர்களுக்கு, பிரதானக் கட்டடத்துப் பொருட்களில் கொஞ்சத்தைக் கிழக்கிலேயே வைத்துக் காட்டினார்கள். 2019 ஏப்ரலில் அதுவும் திறந்தது. அடுத்து பூங்காவுக்குள் இருக்கும் ஓய்வில்லம், இந்த ஜூலையில் திறந்தது. இப்போது குவிமாடம். ஒன்று முடிந்தால் ஒன்று. ஆறு வருடமாக எங்காவது ஒரு மூலையில் வேலை நடந்துகொண்டே இருக்கிறது, ஆனால் வந்தவர் யாரும் ஒன்றும் பார்க்காமல் திரும்பிப் போகவில்லை.

அப்பா இதைக் கேட்டதும் சொன்னது ஒரே வார்த்தை: "பாலாலயம்." எங்கள் ஊர்ச் சிவன் கோயில் திருப்பணி பணமில்லாமல் பல வருஷம் இழுத்தது. மூலஸ்தானத்தில் வேலை நடக்கும்போது சாமியைப் பக்கத்தில் சின்னதாக ஒரு இடத்தில் எழுந்தருளச் செய்து, பூஜை ஒரு வேளைகூட நிற்காமல் பார்த்துக்கொண்டார்கள். "நம்ம ஆளுங்களுக்குத் தெரியாத விஷயமா இது? கோயிலுக்குச் செய்யறோம், மத்ததுக்குச் செய்ய மாட்டேங்கிறோம்." இப்படிச் சொல்லிவிட்டு ஜாலியன்வாலா பாக் பற்றி ஆரம்பித்தார். எண்பதுகளில் விடுமுறைப் பயணச் சலுகையில் அமிர்தசரஸ் போனவர். அந்தக் குறுகலான சந்து, சுவரில் குண்டு துளைத்த இடங்களைச் சுற்றி வரைந்த கட்டங்கள், கிணறு, எல்லாம் இன்னும் அவருக்கு மனப்பாடம். அங்கே இந்த வருட ஆரம்பத்தில் புதுப்பிக்கிறோம் என்று மூடியதுதான், இன்னும் திறக்கவில்லை. கொரோனாவும் சேர்ந்துகொண்டது, சரி. ஆனால் திறக்கும்போது அந்தச் சந்து அந்தச் சந்தாகவே இருக்குமா என்பதுதான் அப்பாவின் கவலை. எனக்கும்தான்.

பிரதானக் கட்டடத்துக்கு வருவோம். இது 2006இல் முக்கியப் பண்பாட்டுச் சொத்து என்று அறிவிக்கப்பட்டது. அதனால் வெளித்தோற்றத்தில் கை வைக்காமல் நிலநடுக்கத்துக்குத் தாங்குகிற மாதிரி செய்ய வேண்டும். சுவரைக் கனமாக்க முடியாது, குறுக்கே சட்டம் போட முடியாது. அடித்தளத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவே தாங்கிகளைப் புகுத்திவிட்டார்கள், தரை ஆடினால் கட்டடம் அவ்வளவாக ஆடாது. உள்ளே போவதற்கு முன்பே அப்பா தூண்களுக்கு நடுவே குனிந்து தரையோடு தரையாக இடைவெளி தேடிக்கொண்டிருந்தார், காவலர் ஒருவர் மிகவும் மரியாதையாக அருகில் வந்து நின்றார்.

அந்த வேலைக்கு முன் அடியில் தோண்டிப் பார்த்திருக்கிறார்கள். மேலே இருக்கும் புல்தரைக்குக் கீழே, ஒரு மீட்டர்கூட இல்லாத ஆழத்தில், எரிந்த ஊர் கிடக்கிறது. தெரு, வீட்டுத் தரை, கருகிப்போன வீட்டுச் சாமான்கள். இந்தப் பூங்கா முழுக்க நாகாஜிமா என்ற கடைத்தெரு, சுமார் 4,400 பேர் குடியிருந்த இடம். அதன் மேல் மண் கொட்டிப் பூங்கா ஆக்கினார்கள். இன்னொன்றும் உண்டு, பலரும் இதை எழுதுவதில்லை: போருக்குப் பிறகு வீடிழந்தவர்கள் இதே இடத்தில் தகரக் கொட்டகை போட்டுக் குடியிருந்தார்கள், பூங்காவுக்காக அவர்களையும் கிளப்பினார்கள். 1949இல் தனிச் சட்டம் போட்டு, போட்டி வைத்து, டாங்கேயைத் தேர்ந்தெடுத்து, 1954-55 வாக்கில் பூங்காவும் அருங்காட்சியகமும் திறந்தபோதும் ஓரத்தில் கொட்டகைகள் இருந்தன. எல்லாருக்கும் திறந்த இந்தப் பூங்கா, அங்கே இருந்த சிலரை வெளியேற்றித்தான் உருவானது. அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

உள்ளே படம் எடுக்கலாம். நான் எடுக்கவில்லை, அதனால் எழுத்தில்தான்.

முன்பு இங்கே தோல் தொங்க நடந்துவரும் பொம்மைகள் இருந்தன. புதுப்பிக்கும்போது அவற்றை எடுத்துவிட்டார்கள். பொம்மை வேண்டும் என்று ஒரு சாரார், பயமுறுத்தத் தேவையில்லை என்று ஒரு சாரார், பெரிய சண்டையே நடந்திருக்கிறது. எடுத்தது சரி என்றுதான் எனக்குப் படுகிறது. இப்போது இருப்பது நிஜமான பொருட்கள், அவற்றுக்குப் பக்கத்தில் உரியவரின் பெயர், இருந்தால் ஒரு புகைப்படம். வெளிச்சம் மிகக் குறைவு. ஒரு டிபன் பாக்ஸ். அலுமினியம், நசுங்கி, மூடி பிதுங்கி. உள்ளே சோறு கரியாகி அப்படியே இருக்கிறது, பருக்கை பருக்கையாக. நடுநிலைப் பள்ளியில் சேர்ந்து முதல் வருடம் படித்த பையன். அவன் அம்மா பிணங்களுக்கு நடுவே தேடி, உடலுக்கு அடியில் இந்த டப்பாவைப் பார்த்துத்தான் மகன் என்று உறுதி செய்திருக்கிறார்.

அந்தப் பையன்கள் அன்று காலை பள்ளிக்கூடத்தில் இல்லை. விமானக் குண்டால் தீ பரவாமல் இருக்க, தெருத்தெருவாக வீடுகளை இடித்து இடைவெளி உண்டாக்கும் வேலைக்கு அனுப்பியிருந்தார்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயது. அப்படி வேலைக்கு வந்திருந்த மாணவர்களில் ஏறத்தாழ 6,000 பேர் செத்தார்கள். அப்பா அந்த விளக்கப் பலகையை என்னிடம் இரண்டு தடவை படிக்கச் சொன்னார். "கட்டடம் இடிக்கிற வேலைக்கு ஆளுக்கு ஒரு தலைக்கவசம் இல்லாம ஒரு கூலியாளை நான் விட்டதில்லடா" என்றார். அப்புறம் கிழக்குக் கட்டடம் முடிகிறவரை எதுவும் பேசவில்லை. கிழக்கில் வெள்ளை வட்ட மேசை மாதிரி ஒரு நில மாதிரி, அதன்மேல் ஒளிப்படமாக ஊர் விரிகிறது, மேலிருந்து குண்டு இறங்குகிறது, ஊர் போய்விடுகிறது. மறுபடி முதலிலிருந்து. குழந்தைகள் அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

மதியச் சாப்பாடு ஒகோனோமியாகி. இறைச்சி வேண்டாம், மீன் தூள் வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்லக் கடைக்காரருக்கு முகம் மாறிக்கொண்டே போனது. கடைசியில் முட்டைக்கோஸ், நூடுல்ஸ், முட்டை. சாஸில் என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை, அப்பாவும் கேட்கவில்லை.

பிறகு ஓய்வில்லம். தயவுசெய்து இதைத் தவறவிடாதீர்கள், பலர் கழிப்பறைக்கு மட்டும் போய்விட்டுத் திரும்புகிறார்கள். 1929இல் கட்டிய கிமோனோக் கடை, போர்க்காலத்தில் எரிபொருள் பங்கீட்டு அலுவலகம். குண்டு வெடித்த இடத்துக்கு 170 மீட்டர். அன்று காலை ஒரு ஆவணத்தை எடுக்க அடித்தளத்துக்கு இறங்கிய எய்சோ நோமுரா என்ற ஊழியர் மட்டும் பிழைத்து 1982 வரை வாழ்ந்தார். முன்பெல்லாம் அந்த அடித்தளத்தைப் பார்க்க அனுமதி கேட்டு, தலைக்கவசம் போட்டுக்கொண்டு இறங்க வேண்டும். இப்போது படியில் நேராக இறங்கலாம். சுவரை மெழுகவில்லை, வெள்ளை அடிக்கவில்லை. கசிவுக்கறை, உரிந்த காரை, துருவேறிய கம்பி, எல்லாம் அப்படியே. மேலே கண்ணாடியும் மரமும் போட்டுப் பளிச்சென்று காபி, நினைவுப் பொருள் கடை. மூன்றாவது தளத்தில் பழைய நாகாஜிமாவின் படங்கள். கீழே ஒரு காலம், மேலே ஒரு காலம். எனக்கு அந்தக் காபிக்கடை கொஞ்சம் உறுத்தியது. வயதானவர்கள் உட்கார ஒரு இடம் வேண்டாமா என்று அப்பா கேட்டார். கேட்டுவிட்டு உட்கார்ந்தும் விட்டார்.

அங்கே உட்கார்ந்திருந்தபோது ஒரு தன்னார்வ வழிகாட்டியிடம் பேச்சு கொடுத்தோம், எழுபது வயதுக்கு மேல் இருக்கும், நிதானமான ஆங்கிலம். குவிமாடத்தை மூன்று வருடத்துக்கு ஒருமுறை முழுசாகச் சோதிப்பார்களாம், விரிசல் கூடியதா, சாய்ந்ததா என்று. அப்பா தன்னைப் பொறியாளர் என்று அறிமுகப்படுத்திக்கொள்ள, அரைமணி நேரம் நான் தேவைப்படவில்லை. நேரு 1957 அக்டோபரில் இந்தப் பூங்காவுக்கு வந்ததையும் அவர்தான் எடுத்தார். நினைவு வளைவுக்கு அடியில் கற்பெட்டிக்குள் இருக்கும் பெயர்ப் பதிவேடுகள் பற்றியும் சொன்னார். இந்த ஆகஸ்ட்டோடு 3,24,129 பெயர்கள், நூற்றுக்கும் மேற்பட்ட தொகுதிகள். வருடா வருடம் மழைக்காலத்துக்கு முன், மே மாதத்தில், வெளியே எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டிக் காற்றாட வைக்கிறார்களாம். பூச்சி அரிக்கக் கூடாதல்லவா.

மாலையில் குவிமாடத்துக்கு அடுத்த ஒரிசுரு கோபுரம். மேலே ஏற 1,700 யென். ஆளுக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய். ஒசாகாவில் பத்து யென் கூடுதல் என்று தக்காளியைத் திரும்ப வைக்கிற மனிதர், நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் பையிலிருந்து நோட்டை எடுத்துவிட்டார். மேலிருந்து பார்த்தால் சாரம் முழுக்கத் தெரியுமே! தெரிந்தது. ஒவ்வொரு மட்டத்துக்கும் ஏற ஏணி, சுவரின் வளைவுக்குத் தக்கபடி வளைந்து போகும் பலகை, நடுவில் சட்டத்தைத் தொடாமல் ஒரு சாண் தள்ளி நிற்கும் குழாய். விடுமுறை என்பதால் ஆள் இல்லை. என்னைப் பன்னிரண்டு படம் எடுக்க வைத்து, ஊரில் இருக்கும் பழைய சகாக்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு அங்கேயே நின்று அனுப்பினார். சாரம் இல்லாத குவிமாடத்தின் படம் உலகத்தில் கோடி இருக்கும். இது நான்கு மாதத்துக்கு மட்டும்தான் கிடைக்கும் என்று அவர் சொன்னபோது நேற்று முகம் தொங்கிய எனக்கு மறுபேச்சு இல்லை.

திங்கள், நவம்பர் 23

மியாஜிமா தீவு. மேப்பிள் இலை முழுச் சிவப்பு, கூட்டமும் அப்படியே, இடைவெளி விடுங்கள் என்று ஒலிபெருக்கியில் சொல்லச் சொல்லப் படகில் தோளோடு தோள். அஞ்சல்தலையிலெல்லாம் வரும் கடலுக்குள் நிற்கும் அந்தச் சிவப்புத் தோரண வாயிலை எங்கே என்று தேடினால், வலை போர்த்திய ஒரு பெரிய பெட்டி நிற்கிறது. ஆமாம், இதுவும் பழுது வேலையில். ஒரே பயணத்தில் மேற்கு ஜப்பானின் இரண்டு பெரிய சின்னங்களையும் மூட்டை கட்டிய நிலையில் பார்த்த பாக்கியசாலிகள் நாங்கள்.

இப்போதிருக்கும் வாயில் 1875இல் நிறுத்தியது. பதினாறு மீட்டர் உயரத்துக்கு மேல், பிரதானத் தூண் இரண்டும் கற்பூர மரம். மண்ணில் புதைக்கவில்லை, சொந்த எடையிலேயே நிற்கிறது. 2019 ஜூனில் வேலையைத் தொடங்கினார்கள். பிரித்துப் பார்த்தால் கரையானும் உளுப்பும் நினைத்ததைவிட உள்ளே போயிருக்கிறது. கரையிலிருந்து வாயில்வரை கடலுக்குள் ஒரு தற்காலிக நடைபாலம் கட்டி, அதன் வழியாகத்தான் ஆட்கள் போய்வருகிறார்கள். தண்ணீர் வற்றும் நேரத்தில் நாமும் சேற்றில் கொஞ்ச தூரம் நடந்து போகலாம். கோயிலுக்குள் போக 300 யென், உள்ளே எதுவும் தடை இல்லை. மான் ஒன்று எங்கள் கூப்பன் சீட்டில் பாதியைத் தின்றுவிட்டது, மீதிக்கு மொமிஜி மஞ்சு என்ற மேப்பிள் இலை வடிவ இனிப்பு வாங்கினோம்.

போகிறவர்களுக்குச் சில உபயோகமான தகவல்கள். அருங்காட்சியகம் இந்த மாதம் மாலை ஆறு வரை, டிசம்பரிலிருந்து ஐந்து வரை. காலையில் போங்கள், பதினொன்றுக்கு மேல் உள்ளே நிற்க இடம் இல்லை. முதலில் அருங்காட்சியகம், பிறகு ஓய்வில்லத்து அடித்தளம், பிறகு குவிமாடம் என்ற வரிசையில் பார்த்தால் நல்லது, நாங்கள் குவிமாடத்திலிருந்து ஆரம்பித்துவிட்டோம். ஷிமா மருத்துவமனை வாசலில் வெடித்த இடத்தைக் காட்டும் சின்னக் கல்பலகை ஒன்று சந்துக்குள் இருக்கிறது, கவனிக்காமல் தாண்டிவிடுவீர்கள். பூங்காவுக்கு எந்த நேரமும் போகலாம், யாரும் கேட்கமாட்டார்கள்.

திரும்பி வருகிற ஷின்கான்செனில் ஒரு பந்தயம். மியாஜிமா தோரண வாயிலின் வேலை எப்போது முடியும்? அடுத்த வருடம் முடித்துவிடுவார்கள், இது ஜப்பான் அல்லவா என்றேன். "கரையான் புடிச்ச தூணு, கடலுக்கு நடுவுல வேலை, அவசரப்படாத ஆளுங்க. 2022 கடைசி" என்றார் அப்பா. தோற்றவர் ஜெயித்தவருக்குக் கும்பகோணத்தில் டிகிரி காபி வாங்கித் தர வேண்டும். இரண்டாவது காபி யார் கணக்கில் என்பதில்தான் ஒகயாமா தாண்டும்வரை வாக்குவாதம்.